முதுகுத்தண்டில் இருப்பது குண்டலினியா, நரம்பா?

ஆண் பெண் சேர்க்கை என்ற விஷயத்தைப் பத்திரிகையில் எழுதினால் முகத்தைச் சுளிக்கும் கூட்டம் ஒன்று நம் நாட்டில் எப்போதும் இருந்து வருகின்றது. ஆனால் இந்தக் கூட்டத்தார் கும்பிடுகின்ற கோவில் கோபுரத்திலும், வடம் பிடித்து இழுக்கின்ற தேரின் மரத்திலும் என்ன பொம்மைகள் இருக்கின்றன என்றும், காது குளிரக் கேட்கின்ற புராணங்களில் என்ன எழுதியிருக்கின்றது என்றும் கேட்டால் மாத்திரம், "அதற்கெல்லாம் உட்பொருள் வேறு" என்று சொல்லி நழுவி விடுவார்கள். பொம்மையாகச் செய்து வைத்தால் பக்தி, கதையாகச் சொன்னால் புண்ணியம், உள்ளதை உள்ளபடி விளக்கினால் மட்டும் ஆபாசம் என்றால் இது என்ன நியாயம் என்று கேட்கிறோம். ஆகையால் இவர்களுடைய முகச்சுளிப்பை லட்சியம் செய்யாமல், ஒவ்வொரு வாலிபனும் ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டிய ஒரு சங்கதியை இவ்வாரம் எழுதுகிறோம்.

கேள்வி இதுதான். மனிதன் கையைத் தூக்க நினைத்தால் கை எழும்புகின்றது. நாக்கை நீட்ட நினைத்தால் நாக்கு நீளுகின்றது. ஆனால் இனவுறுப்புகள் மாத்திரம் நினைத்தபடி கேட்பதில்லை. வேண்டாத நேரத்தில் விழித்துக் கொள்கின்றன. வேண்டுகின்ற நேரத்தில் சும்மா கிடக்கின்றன. தூக்கத்தில் மனிதன் அறியாமலேயே தங்கள் காரியத்தைப் பார்த்துக் கொள்கின்றன. மனிதனுடைய சரீரத்திலேயே மனிதனுடைய கட்டளைக்கு அடங்காத இந்தப் பாகம் யாருடைய உத்தரவின்படி நடக்கின்றது?

இதற்கு மதங்கள் ஒரு விதமாகவும், ஆராய்ச்சிக்காரர்கள் வேறு விதமாகவும் பதில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது பிரத்தியட்சத்துக்கு ஒத்தது என்று வாசகர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

மதங்கள் சொன்ன காரணம்

முதலில் நமது புராணக்காரர்கள். மன்மதன் என்று ஒருவன் இருக்கிறானாம். அவன் கரும்பு வில்லில் ஐந்து மலர் அம்புகளைப் பூட்டி எய்கிறானாம். அதனால் காமம் வருகின்றதாம். பரத்துவாஜ ரிஷி, கிருதாசி என்னும் தேவலோகப் பெண்ணைக் கண்ட மாத்திரத்தில் அவருடைய வீரியம் நழுவி, அது ஒரு கலசத்தில் வைக்கப்பட்டு, அதிலிருந்து துரோணர் பிறந்தார் என்று பாரதம் சொல்கின்றது. மித்திரனும் வருணனும் ஊர்வசியைக் கண்டதன் பயனாகக் குடத்தில் அகத்தியர் தோன்றினார் என்றும் கதை இருக்கின்றது. இந்தக் கதைகளைச் சொல்லும் பௌராணிகர்கள் யார் மேல் குற்றம் சாட்டுகிறார்கள்? கண்ணை மூடிக் கொள்ளாத ரிஷியின் மேல் அல்ல. "தவத்தைக் கெடுக்க வந்தவள்" என்று அந்தப் பெண்ணின் மேல்தான்.

கிறிஸ்தவ மதத்தார் இதற்கு இளைத்தவர்கள் அல்ல. அவர்களால் பெரிய ஞானியாகக் கொண்டாடப்படும் அகஸ்டின் (354–430), "கடவுளின் நகரம்" என்ற தமது நூலின் 14-வது பாகத்தில் இதே கேள்வியை எடுத்துக் கொண்டார். ஆதி மனிதன் கடவுளுக்குக் கீழ்ப்படியவில்லை. அந்தக் குற்றத்துக்குத் தண்டனையாகத்தான் மனிதனுடைய உறுப்பு மனிதனுக்குக் கீழ்ப்படியாமல் போயிற்று என்பது அவருடைய முடிவு. ஆயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கு மேலாக ஐரோப்பிய ஜனங்கள் தங்கள் சொந்தச் சரீரத்தைக் கண்டு வெட்கப்பட்டுச் சாவதற்கு இந்தத் தத்துவம் உதவி செய்தது.

மூன்றாவதாக யோகம் பேசும் சாமியார்கள். முதுகுத்தண்டின் அடியில் மூலாதாரம் என்று ஒரு சக்கரம் உண்டு என்றும், அங்கே குண்டலினி என்னும் சக்தி பாம்பைப் போல மூன்றரைச் சுற்றுச் சுற்றிக் கொண்டு உறங்குகிறது என்றும், விந்தை வெளியே விடாமல் அடக்குகிறவனுக்கு அது முதுகுத்தண்டின் வழியாக மேலே ஏறி ஓஜஸ் என்னும் ஒளியாக மூளையைச் சேரும் என்றும் இவர்கள் உபதேசிக்கிறார்கள். இந்த உபதேசத்தைக் கேட்டுவிட்டு எத்தனையோ வாலிபர்கள் உறக்கமில்லாமல் தவிக்கிறார்கள்.

இப்படி மதத்துக்கு ஒரு காரணமாக மன்மதன், ஆதாம், பாம்பு என்று சொன்னார்களே ஒழிய, ஒருவராவது முதுகுத்தண்டைத் திறந்து பார்த்துச் சொன்னாரா என்றால் இல்லை.

தவளை சொன்ன சாட்சி

திறந்து பார்த்தவர்களின் சங்கதிக்கு வருவோம். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஆராய்ச்சியில் முதன்மையாகப் பெயர் சொல்லத்தக்கவரே ஒரு பாதிரியார். இத்தாலி தேசத்தில் பாவியா சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த ஸ்பல்லன்சானி (1729–1799) என்பவர் தவளைகளை ஆராய்ந்தார். ஆண் தவளை பருவ காலத்தில் பெண் தவளையின் முதுகில் ஏறி, முன்னங்கால்களால் இறுகக் கட்டிக் கொண்டு, முட்டையிடும் வரையில் பல நாள் விடாமல் இருக்கும். அப்படி இருக்கும்போது ஆணின் பின்னங்கால்களை வெட்டிப் பார்த்தார். அது பிடியை விடவில்லை. தலையையே வெட்டிப் பார்த்தார், அப்போதும் விடவில்லை.

இதன் காரணம் விளங்குவதற்கு இன்னும் நெடுநாள் ஆயிற்று. ஸ்காட்லாந்தில் ராபர்ட் விட் என்பவர் 1751-ல், தலையை இழந்த தவளை காலைச் சீண்டினால் இழுத்துக் கொள்கிறது என்றும், முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தையும் அழித்து விட்டால் அது நின்று போகின்றது என்றும் எழுதினார். பிறகு இங்கிலாந்தில் மார்ஷல் ஹால் என்பவர் 1833-ல் இதை ஒழுங்குபடுத்தி விளக்கினார். அதாவது, தோலில் தொட்ட செய்தி ஒரு நரம்பின் வழியாகத் தண்டுவடத்துக்குப் போகின்றது; தண்டுவடம் மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் வேறொரு நரம்பின் வழியாகத் தசைக்குக் கட்டளை அனுப்பி விடுகின்றது. இதற்குத்தான் அனிச்சைச் செயல் என்று பெயர். டாக்டர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினால் கால் தானாக உதைக்கின்றதே, அது இந்த வகை. நெருப்பில் பட்ட விரலை, சுட்டது என்று உணருவதற்கு முன்னமே இழுத்துக் கொள்ளுகிறோமே, அதுவும் இந்த வகை.

ஜெர்மானியராகிய கோல்ட்ஸ் (1834–1902) என்ற ஆராய்ச்சிக்காரர் 1860-களில் தவளையை மறுபடியும் எடுத்துக் கொண்டார். தலையை நீக்கினார், உடலின் பின்பாகத்தையும் நீக்கினார். முன்னங்கால்கள் இரண்டும், அவற்றுக்கு நேரே இருக்கின்ற தண்டுவடத் துண்டும் மாத்திரம் எஞ்சின. நெஞ்சின் தோலில் விரலை வைத்தால் அந்தத் துண்டு உடம்பு விரலைக் கட்டிப் பிடித்தது! அதற்குத் தலை இல்லை, கண் இல்லை, மனம் இல்லை. இருந்தும் தழுவுகின்றது. இப்போது மன்மதன் அம்பை எங்கே எய்தான் என்று புராணக்காரர்களைக் கேட்கிறோம். கீழ்ப்படியாமைக்குத் தண்டனை என்று சொன்ன அகஸ்டின் சீடர்களையும் ஒன்று கேட்கிறோம்: தவளை எந்தத் தோட்டத்தில் எந்தக் கனியைத் தின்றது?

நாயும் எலியும்

"தவளை அற்பப் பிராணி, பாலூட்டும் ஜாதிக்கு இது பொருந்தாது" என்று சிலர் சொல்லக்கூடும். அதே கோல்ட்ஸ் ஸ்டிராஸ்பர்க் நகரத்தில் நாய்களை ஆராய்ந்து 1874-ல் வெளியிட்டார். தண்டுவடம் குறுக்கே அறுக்கப்பட்ட ஆண் நாய்க்கு, வெட்டுக்குக் கீழே நடப்பது எதுவும் தலைக்குத் தெரியாது. இருந்தும் குறியைத் தொட்டால் அது விறைத்தது. தண்டுவடம் அறுபட்ட பெண் நாய் ஒன்று பருவம் அடைந்து, சேர்ந்து, சினைப்பட்டு, குட்டி ஈன்று, பாலும் கொடுத்தது. கருப்பை மூளையைக் கேட்டுக் கொண்டு வேலை செய்வதில்லை என்பது இதனால் விளங்கிற்று.

பிறகு 1967-ல் அமெரிக்காவில் பெஞ்சமின் ஹார்ட் என்பவர் எலிகளில் இன்னொன்றைக் கண்டார். தண்டுவடம் அறுபட்ட ஆண் எலிகளின் விதையை நீக்கினால் இந்த அனிச்சைச் செயல்கள் குறைந்தன. விதையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கொடுத்தால் மறுபடி பெருகின. அதாவது ஹார்மோன் மூளையை மயக்குவதோடு நிற்காமல் தண்டுவடத்திலேயே நேராக வேலை செய்கின்றது. 1980-ல் பிரீட்லவ், ஆர்னால்ட் என்ற இருவர் எலியின் தண்டுவடக் கடைசியில் இருக்கும் ஒரு நரம்பணுக் கூட்டத்தைப் பற்றி எழுதினார்கள். ஆணுறுப்பின் அடித்தசைகளை இயக்கும் இந்த அணுக்கள் ஆண் எலியில் சுமார் 200. பெண் எலியில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பிறக்கும் தறுவாயில் பெண் குட்டிக்கும் அந்த ஹார்மோனைக் கொடுத்தால் இந்த அணுக்கள் சாகாமல் நிலைத்து விடுகின்றன என்பதும் பின்னர் தெரிய வந்தது. ஆணை ஆணாக்குவதும் பெண்ணைப் பெண்ணாக்குவதும் பூர்வ ஜன்மம் என்பவர்கள், இந்த ஒரு துளி ஹார்மோனுக்கு என்ன பதில் சொல்லப் போகிறார்கள்?

2002-ல் ட்ரூயிட், கூலன் என்ற ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் நுட்பமாகப் போனார்கள். எலியின் தண்டுவடத்தில் இடுப்புப் பகுதியின் 3, 4-வது கண்ணிகளில் இருக்கின்ற ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தை மாத்திரம் நஞ்சு கொண்டு அழித்தார்கள். அந்த எலிகள் பெண் எலியை நாடின, ஏறின, சேர்ந்தன. விந்து மாத்திரம் வெளிப்படவில்லை. ஆகவே இச்சை ஓரிடம், விந்து வெளிப்படும் காரியம் வேறிடம் என்பது திட்டமாயிற்று. மனிதனுக்கும் இதே போன்ற மையம் இடுப்புக் கண்ணிகள் 3 முதல் 5 வரையில் இருப்பதாக, தண்டுவடக் காயம் பட்ட ஆண்களைப் பரிசோதித்து 2017-ல் பிரெஞ்சு ஆராய்ச்சிக்காரர்கள் வெளியிட்டார்கள்.

தடை எங்கே இருக்கின்றது?

இதுவரை சொன்னதைக் கொண்டு, "அப்படியானால் மனிதன் வெறும் யந்திரந்தானே, அவனை எதற்குக் குற்றம் சொல்ல வேண்டும்?" என்று கேட்க ஒரு கூட்டம் காத்திருக்கும். வைதீகர்கள் நம்மைத் தூற்றுவதற்காகக் கேட்பார்கள். அயோக்கியர்கள் தப்பித்துக் கொள்வதற்காகக் கேட்பார்கள். இருவருக்கும் சேர்த்து ஆராய்ச்சியே பதில் சொல்லுகின்றது.

1990-ல் மார்சன், மெக்கென்னா என்ற இருவர் செய்த சோதனை இது. மயக்க மருந்து கொடுத்த எலியில், தண்டுவடம் மூளையோடு சேர்ந்திருக்கும் வரை இந்த இன அனிச்சைச் செயலைத் தூண்ட முடியவில்லை. தண்டுவடத்தை மேலே அறுத்தவுடன் அது வெளிப்பட்டது. பிறகு தண்டுவடத்தை அறுக்காமல், மூளையின் அடிப்பாகமான முகுளத்தில் ஒரு சிறு இடத்தை மாத்திரம் அழித்தார்கள். அப்போதும் அது வெளிப்பட்டது. ஆகவே மேலேயிருந்து சதா ஒரு தடை கீழே வந்து கொண்டிருக்கின்றது; அந்தத் தடை எடுபட்டால்தான் கீழே உள்ளது வேலை செய்கின்றது. செரடோனின் என்ற ரசாயனப் பொருள் இந்தத் தடைக்கு உதவுகின்றது என்றும் கண்டார்கள். மனச்சோர்வுக்காக டாக்டர்கள் கொடுக்கின்ற சில மாத்திரைகள் விந்து வெளிப்படுவதைத் தாமதப்படுத்துவது இந்தக் காரணத்தால்தான்.

பூச்சிகளிலும் இதே ஏற்பாடு இருக்கின்றது. கும்பிடுபூச்சியில் ஆணின் தலையைப் பெண் தின்று விட்டாலும் ஆண் சேர்க்கையை நிறுத்துவதில்லை. உண்மையில் அதிகமாகவே முயலுகின்றது. தலைப் பக்கத்து நரம்பு முடிச்சிலிருந்து தடை வருகின்றது என்றும், தலை போனால் தடையும் போகின்றது என்றும் 1935-ல் ரோடர் என்பவர் விளக்கினார்.

இதிலிருந்து தெரிவது என்ன? உணர்ச்சி எழுவது குற்றமல்ல, பாபமல்ல. அது நரம்பின் இயல்பு. ஆனால் மற்றவர்மேல் கை வைப்பதும் வைக்காததும் தலையின் காரியம். தலை இருக்கிறவனுக்குத் தடையும் இருக்கின்றது. "அவள் உடுத்தியிருந்த உடை என்னைத் தூண்டி விட்டது, நான் என்ன செய்வேன்" என்று ஒருவன் சொன்னால், "உனக்குத் தலை இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்பதே அவனுக்குத் தக்க மறுமொழி.

பெண் மேல் பழி

இதில் இன்னும் முக்கியமான ஒரு நியாயம் அடங்கியிருக்கின்றது. அனிச்சைச் செயல் மனத்தைக் கேட்டுக் கொண்டு வருவதில்லை என்றால், அது வந்ததனாலேயே மனம் சம்மதித்தது என்று சொல்ல முடியாது. பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணின் சரீரம், அவளுடைய மனம் முழுவதும் வெறுத்திருக்கும்போதும், தொடுகைக்குத் தானாகப் பதில் காட்டக்கூடும். ஆண்களும் சிறுவர்களும் பலாத்காரத்துக்கு ஆளாகும்போதும் இப்படியே. இதை அறியாததனால், "என் உடம்பே என்னைக் காட்டிக் கொடுத்து விட்டதே" என்று தங்களைத் தாங்களே வெறுத்துக் கொண்டு வாழ்கின்றவர்கள் உண்டு. தோழர்களே, தோழிகளே, அது உங்கள் குற்றமல்ல. வெங்காயம் நறுக்குகிறவளின் கண்ணீர் எப்படித் துக்கம் ஆகாதோ, அப்படியே அதுவும் சம்மதம் ஆகாது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒன்றைக் கொண்டே பெண் சம்மதித்தாள் என்று கொள்ளக்கூடாது என்பது 2013-ல் இந்தியாவின் தண்டனைச் சட்டத்திலும் திருத்தமாகச் சேர்க்கப்பட்டது.

பெண்ணுக்கு இச்சையே இருக்கக்கூடாது, இருந்தால் அவள் கெட்டவள் என்று சாஸ்திரக்காரர்கள் எழுதி வைத்தார்கள். எலிகளிலோ, மேலே சொன்ன அனிச்சைச் செயல் ஆணுக்கு எப்படி இருக்கின்றதோ அப்படியே பெண்ணுக்கும் இருக்கக் கண்டிருக்கிறார்கள். இயற்கை இருவருக்கும் கொடுத்ததை ஒருவருக்குப் பெருமை என்றும் மற்றவருக்கு இழிவு என்றும் பங்கு போட்டது ஆண்கள் எழுதிய சாஸ்திரமே ஒழிய வேறல்ல.

மூலாதாரமும் லேகியக் கடையும்

இனி அந்தப் பாம்பைத் தேடுவோம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம். அது முதுகெலும்பின் அடி வரையில் போவதில்லை. இடுப்பின் 1 அல்லது 2-வது முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்து விடுகின்றது. அதற்குக் கீழே குதிரைவாலைப் போன்ற நரம்புக் கற்றையும் நீருமே இருக்கின்றன. பிரசவ ஆபரேஷனுக்கு மரத்துப் போக ஊசி போடும் டாக்டர் இடுப்பின் கீழ்ப்பக்கத்தில் குத்துவது, அங்கே குத்தினால் தண்டுவடத்தில் படாது என்பதற்காகத்தான். ஆகவே மூலாதாரம் என்று சாமியார்கள் காட்டுகின்ற இடத்தில் பாம்பு இல்லாதது மட்டுமல்ல, தண்டுவடமே இல்லை! விறைப்பை உண்டாக்கும் நரம்புகள் புறப்படும் திருவெலும்புக் கண்ணிகள் 2 முதல் 4 வரை உள்ளவையும் அதற்கு ஒரு சாண் மேலேயே இருக்கின்றன. எலும்புக்குத் திருநாமம் வைத்திருந்தாலும் அங்கேயும் தெய்வம் ஒன்றும் அகப்படவில்லை.

விந்து மேலே ஏறுவதற்கும் வழி கிடையாது. விந்தில் பெரும்பாகம் விந்துப்பைகளும் புரோஸ்டேட் சுரப்பியும் சுரக்கின்ற நீர். உயிரணுக்களின் பங்கு மிகச் சொற்பம். ஒரு தடவையில் வெளிப்படுவது பெரும்பாலும் 2 முதல் 5 மில்லி லிட்டர். விதையில் உயிரணு உண்டாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகின்றது. பருவம் வந்தது முதல் அந்த உற்பத்தி நடந்து கொண்டே இருக்கின்றது. வெளிப்படாத அணுக்கள் சிதைந்து சரீரத்தில் கரைந்து போகும். முதுகுத்தண்டுக்கும் அதற்கும் குழாய்த் தொடர்பு எதுவுமில்லை. "40 சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து" என்ற கணக்கை எந்தத் தராசில் நிறுத்தார்களோ தெரியவில்லை.

இந்தப் பொய்க் கணக்கை முதலாக வைத்துத்தான் லேகிய வியாபாரம் நடக்கின்றது. "வாலிப வயோதிக அன்பர்களே" என்று சந்தையில் கூவினவன் இன்று தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் வந்து கூவுகிறான். சொப்பன ஸ்கலிதம் ஆனால் நரம்பு தளர்ந்து போகும், கலியாணத்துக்கு லாயக்கில்லாமல் போகும் என்று பயங்காட்டுகிறான். தூக்கத்தில் விந்து வெளிப்படுவது வியாதி அல்ல. ஆரோக்கியமான ஆணுக்கு ஒவ்வொரு இரவும் தூக்கத்தில் பல தடவை விறைப்பு உண்டாகின்றது என்பதைக் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். பையன்களைத் தின்பது இந்தப் பயமேதான். சிறுநீரில் விந்து போகின்றது, அதனால் உருகிப் போகிறேன் என்று வாடுகின்ற வாலிபர்களின் மனநோய்க்கு 1960-ல் இந்திய மனநோய் மருத்துவர் என். என். விக் "தாது நோய்" என்று பொருள்படப் பெயரிட்டார். இது நமது நாட்டுக்கு மாத்திரம் உரிய மடமை அல்ல. சுவிட்சர்லாந்தில் டிஸ்ஸோ என்ற வைத்தியர் 18-வது நூற்றாண்டில் இதே பயத்தைப் புஸ்தகமாக எழுதி ஐரோப்பா முழுவதையும் நடுங்க வைத்தார். அங்கே ஆராய்ச்சி வளர்ந்து அந்தப் பயத்தைப் பெரும்பாலும் துரத்தி விட்டது. இங்கே லேகியக்காரன் அதற்குத் தீனி போட்டு வளர்க்கிறான்.

போக சக்தியை வளர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று இந்திய சர்க்கார் 1954-லேயே சட்டம் செய்தது. சட்டம் புஸ்தகத்தில் இருக்கின்றது. விளம்பரம் சுவரில் இருக்கின்றது. மூலிகை என்று சொல்லி விற்ற சரக்குகளைச் சோதித்ததில், 1998 முதல் இங்கிலீஷ் வைத்தியத்தில் வழங்கி வரும் சில்டெனாஃபில் என்ற மருந்தையே ரகசியமாகக் கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறவர் அதைத் தெரியாமல் உட்கொண்டால் ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து உயிருக்கே ஆபத்து வரும். ரிஷிகளின் ரகசியம் என்று விற்கின்ற டப்பாவுக்குள் இருப்பது வேறு நாட்டு ரசாயனம் என்றால் இதைவிடப் பித்தலாட்டம் வேறென்ன வேண்டும்?

முதுகொடிந்த தோழர்கள்

"தவளையையும் எலியையும் அறுத்து யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு காட்சியைக் காட்டுகிறோம். பனை ஏறுகிற தோழன் ஒருவன் மட்டை நழுவி விழுகிறான். கட்டட வேலை செய்கிறவன் சாரத்திலிருந்து விழுகிறான். நமது நாட்டில் தண்டுவடம் முறிவதற்கு உயரத்திலிருந்து விழுவது ஒரு முக்கிய காரணம். உழைக்கிற ஜாதியாரே பெரும்பாலும் விழுகிறார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் விடுகின்றது. "போன ஜன்மத்து வினை" என்று ஜோசியன் சொல்கிறான். "இனி உனக்குப் பெண்டாட்டி எதற்கு, பிள்ளை எதற்கு?" என்று ஊரார் சொல்கிறார்கள். அவன் மனைவி இருபத்து மூன்று வயதில் உயிருள்ள கணவனுக்கு விதவை ஆக்கப்படுகிறாள்.

ஆராய்ச்சி சொல்வது வேறு. காயம் மேலே இருந்து, தண்டுவடத்தின் கடைசிப் பகுதி கெடாமல் இருந்தால், தொடுகையினால் வரும் விறைப்பு பலருக்குத் திரும்புகின்றது. முதல் சில வாரங்கள் எல்லா அனிச்சைச் செயலும் அடங்கிக் கிடக்கும். பிறகு மெல்லத் திரும்பும். நாயிலும் இப்படியே கண்டார்கள். 1936-ல் ஆஸ்திரேலியாவில் கன் என்பவர் செம்மறிக் கடாவிடம் மின்சாரத் தூண்டுதலால் விந்து எடுக்கும் முறையைக் கண்டார்; அதே முறையை 1948-ல் அமெரிக்க டாக்டர்கள் முதுகொடிந்த மனிதர்களிடம் கையாண்டார்கள். 1981-ல் இங்கிலாந்தில் பிரிண்ட்லி என்ற டாக்டர் அதிர்வுக் கருவியினால் அனிச்சையாக விந்து வெளிப்படச் செய்வதைப் பற்றி எழுதினார். முதுகின் 10-வது கண்ணிக்கு மேலே காயம் பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இது பலிக்கின்றது. 6-வது கண்ணிக்கு மேலே காயம் பட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் அபாயமாக ஏறக்கூடும் என்பதால் டாக்டரை வைத்துக் கொண்டே செய்ய வேண்டும். இந்த வழியாக எத்தனையோ பேர் தகப்பன் ஆகியிருக்கிறார்கள்.

பெண்களின் சங்கதியும் இதுவே. தண்டுவடம் முறிந்த பெண்ணுக்குச் சில மாதங்களில் மாதவிலக்குத் திரும்புகின்றது; அவள் கருவுறலாம், பிள்ளை பெறலாம். கோல்ட்ஸின் நாய் 1874-லேயே இதைச் சொல்லி விட்டது. அவளை மலடி என்று தள்ளி வைக்கச் சொல்கிற வாய்க்கு அந்த நாயின் அறிவுகூட இல்லை என்பது நமது அபிப்பிராயம்.

1954-ல் மோட்டார் விபத்தில் தண்டுவடம் முறிந்த மேரி வர்கீஸ் என்ற பெண் டாக்டர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன்கள் செய்தார். வேலூரில் முடமானவர்களுக்கு மறுவாழ்வு தரும் வைத்தியசாலை 1966-ல் ஏற்படக் காரணமாய் இருந்தார். முதுகொடிந்தால் வாழ்வு ஒடிந்தது என்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கையே மறுப்பு.

ஜீவகாருண்யம் பேசுவோருக்கு

பிராணிகளை வதைத்துக் கண்ட அறிவு நமக்கு வேண்டாம் என்று சிலர் சொல்லலாம். யாகத்தில் ஆட்டை மூச்சடக்கிக் கொன்றவர்களின் சந்ததியார் இதைச் சொன்னால் நமக்குச் சிரிப்புத்தான் வருகின்றது. உண்மையான இரக்கத்தோடு சொல்கிறவர்களுக்கு நமது பதில் வேறு. ஸ்பல்லன்சானி காலத்தில் மயக்க மருந்து கிடையாது. அந்தத் தவளைகள் பட்டது வேதனைதான், அதை நாம் மறைக்கவில்லை. இப்போது மயக்கமருந்து இருக்கின்றது, சட்டமும் இருக்கின்றது. இந்தியாவில் 1960-ம் வருஷத்துச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட சோதனைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. வேறு வழியில் அறியக் கூடியதை அறுத்து அறிய வேண்டியதில்லை என்பது நமது கொள்கை. ஆனால் அந்தப் பிராணிகள் உயிரைக் கொடுத்துச் சொன்ன சாட்சியைக் கேட்காமல், பழைய பொய்யையே பிடித்துக் கொண்டிருந்தால், அவற்றை வீணாகக் கொன்றவர்கள் நாமே ஆவோம்.

ஆகவே தாய் தகப்பன்மாரை நாம் கேட்டுக் கொள்வது இது. மகனுக்குப் பதினான்கு வயது ஆனதும் சாமியாரும் லேகியக்காரனும் அவனைத் தேடி வருவதற்கு முன்னால் நீங்கள் பேசுங்கள். தூக்கத்தில் நிகழ்வது வியாதியல்ல என்றும், உணர்ச்சி பாபமல்ல என்றும், ஆனால் மற்றவருடைய சம்மதமில்லாமல் தொடுவது குற்றம் என்றும் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். மகளுக்கும் அவளுடைய சரீரத்தைப் பற்றி வெட்கமில்லாமல் சொல்லுங்கள். உபாத்தியாயர்கள் பாடப் புஸ்தகத்தில் அந்தப் பக்கம் வந்தவுடன் "வீட்டில் படித்துக் கொள்ளுங்கள்" என்று தள்ளி விடாமல் நடத்துங்கள். உங்கள் ஊரில் மரத்திலிருந்து விழுந்து படுத்திருக்கின்ற தோழன் எவராவது இருந்தால், அவருடைய வீட்டுக்குப் போய் அவரும் அவருடைய மனைவியும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டுங்கள். பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர்களை அழைத்துக் கொண்டு போக வண்டிக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.